பால் வரவில் விலையைத் தானாக நகலெடுக்க: டிரிக்கர் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பால் சொசைட்டிக்காக மைஎஸ்க்யூஎல் 8 என்ற டேட்டாபேஸில் ஒரு மென்பொருள் எழுதுகிறீர்கள். பால்_வரவு என்ற டேபிளில் காலை, மாலை இரண்டு வேளையும் ஒவ்வொரு உறுப்பினரும் ஊற்றும் பாலின் லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பதிவாகிறது. பதிவு விழுந்ததும் நான்கு வேலைகள் தானாக நடக்க வேண்டும் என்கிறீர்கள். விலைப்பட்டியலில் இருந்து லிட்டர் விலை வந்து உட்கார வேண்டும். கடைசியாகத் திருத்திய நேரம் மாற வேண்டும். உறுப்பினர் டேபிளில் அவருடைய இருப்புத் தொகை ஏற வேண்டும். உறுப்பினர் பெயரும் பால்_வரவில் நகலாக இருக்க வேண்டும். பெயரைத் திருத்தினால் எல்லாப் பதிவிலும் அது மாற வேண்டும். இதற்காக ஆஃப்டர் இன்சர்ட் டிரிக்கர் ஒன்று, அதாவது பதிவு சேர்ந்ததும் டேட்டாபேஸ் தானாக ஓட்டும் கட்டளை ஒன்று, எழுதி, அதற்குள் அதே பால்_வரவு டேபிளை அப்டேட் செய்திருக்கிறீர்கள். பிழை எண் 1442 வந்து வேலை நிற்கிறது.

விலைக்கு பிஃபோர் இன்சர்ட் டிரிக்கர் எழுதுங்கள், பிழை போய்விடும். திருத்திய நேரத்துக்கு டிரிக்கரே தேவையில்லை. இருப்புத் தொகைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பெயருக்கு நிச்சயமாக வேண்டாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நான்கும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி "தானாக நகலெடுக்கும்" வேலையாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் வேறு வேறு.

முதலில் அந்த 1442. ஒரு கட்டளை எந்த டேபிளைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ, அதே டேபிளை அந்தக் கட்டளையால் கிளம்பிய டிரிக்கர் மாற்றக் கூடாது என்பது மைஎஸ்க்யூஎல் வைத்திருக்கும் விதி. படிக்கலாம், எழுதக் கூடாது. ஆஃப்டர் டிரிக்கர் கிளம்பும்போது பதிவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அதை மாற்ற இன்னொரு அப்டேட் கொடுத்தால் விதி குறுக்கே வந்து நிற்கும். ஆஃப்டரில் நியூ என்ற பதிவுக்கே (டிரிக்கருக்குள் புதுப் பதிவுக்கு அதுதான் பெயர், திருத்தும்போது பழைய பதிவுக்கு ஓல்ட்) புது மதிப்பு கொடுக்கலாமே என்று முயன்றால் 1362 என்ற வேறு பிழை வரும், ஏனென்றால் அந்த நேரத்தில் நியூ என்பது வெறும் பார்வைக்கு மட்டும். பிஃபோர் டிரிக்கரில் நிலைமை வேறு. பதிவு இன்னும் டேபிளுக்குள் போகவில்லை, கையில் இருக்கிறது. அதில் என்ன மாற்றினாலும் மாற்றியபடியே உள்ளே போகும். இன்னொரு அப்டேட் தேவையில்லை, அதனால் மோதலும் இல்லை. உள்ளே போகும் பதிவையே மாற்ற வேண்டுமென்றால் பிஃபோர், அந்தப் பதிவைப் பார்த்து வேறொரு டேபிளில் எழுத வேண்டுமென்றால் ஆஃப்டர். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இனி விலை. கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயரும் தமிழிலேயே இருந்தாலும் மைஎஸ்க்யூஎல் ஏற்றுக்கொள்ளும்.

கிரியேட் டிரிக்கர் பால்_விலை_ஏற்று
பிஃபோர் இன்சர்ட் ஆன் பால்_வரவு
ஃபார் ஈச் ரோ
செட் நியூ.விலை = (
  செலக்ட் ப.விலை ஃப்ரம் விலைப்பட்டியல் ப
  வேர் ப.கொழுப்பு = நியூ.கொழுப்பு
  அண்ட் ப.எஸ்என்எஃப் = நியூ.எஸ்என்எஃப்
  அண்ட் ப.அமல்_தேதி <= நியூ.தேதி
  ஆர்டர் பை ப.அமல்_தேதி டெஸ்க்
  லிமிட் 1 );

உள்ளே ஒரே ஒரு கட்டளை இருப்பதால் பிகின், எண்ட், டெலிமிட்டர் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாவது கட்டளை சேர்ந்த உடனே பிகின், எண்ட் வேண்டும். கமாண்ட் லைனில் ஓட்டினால் டெலிமிட்டரையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் முதல் அரைப்புள்ளியிலேயே கட்டளை முடிந்துவிட்டதாக அந்த மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

இதில் முக்கியமான வரி அமல்_தேதி வருகிற வரி. நீங்கள் அனுப்பிய டிரிக்கரில் இன்றைய தேதியை வைத்து விலையைத் தேடியிருக்கிறீர்கள். நேற்று மாலை மின்சாரம் போய், நோட்டில் எழுதிவைத்து, இன்று காலையில் கணினியில் ஏற்றுகிற பதிவை நினைத்துப் பாருங்கள். இன்று முதல் விலை மாறியிருந்தால், நேற்று ஊற்றிய பாலுக்கு இன்றைய விலை விழும். பால் எந்தத் தேதியில் ஊற்றப்பட்டதோ அந்தத் தேதிக்கு அமலில் இருந்த விலைதான் வேண்டும். மாலை வேளையிலிருந்து புது விலை என்று அறிவிப்பு வரும் வாய்ப்பும் உண்டு என்றால், தேதியோடு வேளையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். விலைப்பட்டியலில் பழைய விலையை அழித்து அதன் மேலேயே புது விலையை எழுதும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு விலை மாற்றமும் புதுப் பதிவாக, தன் அமல் தேதியோடு இருக்க வேண்டும்.

கொழுப்பு 3.8 என்று இருந்தும் விலை கிடைக்கவில்லை என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஒரு டேபிளில் கொழுப்பை ஃப்ளோட் வகையாகவும் இன்னொன்றில் டெசிமல் வகையாகவும் வைத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். ஃப்ளோட்டில் 3.8 என்பது துல்லியமாக 3.8 கிடையாது, அதற்கு மிக அருகில் உள்ள ஓர் எண். சமக்குறி போட்டு ஒப்பிட்டால் பொருந்தாது. இரண்டு டேபிளிலும் டெசிமல் வையுங்கள். பணம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

விலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் செலக்ட் எதுவும் தராது, நியூ.விலை நல் (மதிப்பே இல்லாத காலி நிலை) ஆகிவிடும். நெடுவரிசை நல் ஏற்காது என்று அறிவித்திருந்தால் மொட்டையாக ஒரு பிழை வரும், இல்லையென்றால் விலையே இல்லாத பதிவு சத்தமில்லாமல் உள்ளே போகும். பத்து நாள் கழித்து பட்டுவாடா அன்று ஒருவருக்குத் தொகை குறையும்போதுதான் அது தெரியும். அதனால் விலையைத் தேடிய பிறகு, அது நல் என்றால் சிக்னல் கட்டளையில் 45000 என்ற நிலைக் குறியீட்டோடு "இந்தக் கொழுப்பு, எஸ்என்எஃப் அளவுக்கு விலைப்பட்டியலில் விலை இல்லை" என்று தமிழிலேயே செய்தி கொடுத்து நிறுத்துங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு உடனே விஷயம் தெரியும், அளவைத் தப்பாக அடித்திருந்தால் அப்போதே திருத்திவிடுவார்.

பதிவைத் திருத்தும்போது என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் சிக்கல் அங்கேதான் வரும். கொழுப்பை 3.8-லிருந்து 4.2 ஆகத் திருத்தினால் விலையும் மாற வேண்டும். குறிப்பு நெடுவரிசையில் ஏதோ ஒரு சொல்லைத் திருத்தினால் விலை அசையக் கூடாது. ஆகவே பிஃபோர் அப்டேட் டிரிக்கர் ஒன்றும் வேண்டும். அதில் கொழுப்பு, எஸ்என்எஃப், தேதி மூன்றில் ஏதாவது மாறியிருந்தால் மேலே சொன்ன தேடலைத் திரும்பச் செய்யுங்கள். மாறவில்லை என்றால் நியூ.விலைக்கு ஓல்ட்.விலையையே கொடுத்துவிடுங்கள், யாரும் விலையை நேரடியாகக் கை வைத்து மாற்ற முடியாது. பட்டுவாடா முடிந்த காலத்துப் பதிவு என்றால் திருத்தத்தையே சிக்னல் கொடுத்து மறுத்துவிடலாம். தவறு இருந்தால் அடுத்த பில்லில் சரிக்கட்டும் பதிவாகப் போடட்டும்.

"மாறியிருந்தால்" என்பதை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் கவனம். நியூவும் ஓல்டும் சமமில்லை என்று சாதாரணக் குறியால் ஒப்பிட்டால், இரண்டில் ஒன்று நல் ஆக இருக்கும்போது விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, நல்தான். இஃப் அதைப் பொய்போலவே நடத்தும். காலியாக இருந்த எஸ்என்எஃப்-ஐ இப்போது நிரப்பினால், மாற்றம் நடந்ததே டிரிக்கருக்குத் தெரியாது. மைஎஸ்க்யூஎல்-இல் இதற்கென்றே <=> என்ற குறி இருக்கிறது, நல்லையும் ஒரு மதிப்பாக எடுத்துக்கொண்டு ஒப்பிடும்:

இஃப் நாட் (நியூ.எஸ்என்எஃப் <=> ஓல்ட்.எஸ்என்எஃப்) தென் ...

போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸ் பக்கம் போனால் இதே வேலைக்கு இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம் என்று எழுத வேண்டும்.

தொகைக்கு, அதாவது லிட்டர் பெருக்கல் விலைக்கு, டிரிக்கர் எழுத வேண்டாம். ஒரே பதிவில் இருக்கும் மதிப்புகளிலிருந்து பிறக்கும் மதிப்பு அது. மைஎஸ்க்யூஎல் 5.7-லிருந்தும் போஸ்ட்கிரெஸ் 12-லிருந்தும் ஜெனரேட்டட் காலம் என்ற வசதி இருக்கிறது. டேபிளை உருவாக்கும்போதே தொகை என்பது லிட்டரையும் விலையையும் பெருக்கி இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தது என்று அறிவித்துவிட்டால் போதும். அதை யாராலும் தவறாக எழுத முடியாது, எழுத வந்தாலே டேட்டாபேஸ் மறுக்கும்.

திருத்திய நேரத்துக்கும் அப்படித்தான். டேட்டைம் நெடுவரிசைக்கு டிஃபால்ட் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் ஆன் அப்டேட் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் என்று அறிவிப்பு கொடுங்கள். எந்த மதிப்பும் உண்மையில் மாறாத அப்டேட்டாக இருந்தால் நேரத்தையும் அது மாற்றாது. இது பெரும்பாலும் நமக்கு வேண்டியதே. போஸ்ட்கிரெஸில் இப்படி ஓர் அறிவிப்பு இல்லை, அங்கே டிரிக்கர்தான் வழி.

சரி, இருப்புத் தொகைக்கு வருவோம். இதில்தான் உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

விலையை நகலெடுப்பதற்கும் இருப்பை நகலெடுப்பதற்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் உண்டு. விலை என்பது அன்றைக்கு நடந்ததற்குச் சாட்சி. விலைப்பட்டியல் நாளைக்கு மாறினாலும் அந்தப் பதிவில் இருக்கும் விலை மாறக் கூடாது. மூல மதிப்பிலிருந்து அது வேண்டுமென்றே பிரிந்து நிற்கிறது. அந்த நகல் சரியான நகல், அதை டிரிக்கரிடம் ஒப்படைப்பது நல்லது. இருப்புத் தொகை அப்படி இல்லை. அது பால்_வரவில் ஏற்கெனவே இருக்கும் உண்மையை இன்னொரு இடத்தில் திரும்பவும் எழுதி வைப்பது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத நாளில் எது சரி என்று யாரைக் கேட்பது? உறுப்பினர் முன்னால் வந்து நிற்பார், கணினியில் இரண்டு தொகை இருக்கும்.

உங்கள் சொசைட்டியில் 300 உறுப்பினர் என்று சொல்லியிருந்தீர்கள். எல்லாரும் இரண்டு வேளையும் ஊற்றினால் ஆண்டுக்கு 2,19,000 பதிவு. ஒருவருக்கு ஆண்டுக்கு 730. பத்து நாள் பில்லுக்கு வெறும் 20. உறுப்பினர் எண், தேதி இரண்டையும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) போட்டுவிட்டால், 20 பதிவைக் கூட்டுவது கண் சிமிட்டும் நேரத்தில் நடக்கும் வேலை. அதற்காகத் தொகையைச் சேமித்து வைத்துக் காவல் காப்பது தேவையில்லாத சுமை. கூட்டுத்தொகையைத் தரும் ஒரு வியூ (சேமித்து வைத்த செலக்ட்) எழுதுங்கள், தீவனக் கடன், முன்பணம் பிடித்தம் எல்லாவற்றையும் அதிலேயே கழித்துக்கொள்ளுங்கள்.

இல்லை, பெரிய அளவில் பல சொசைட்டிகளுக்கு ஒரே டேட்டாபேஸ், இருப்பைச் சேமித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் இப்படிச் செய்யுங்கள். ஆஃப்டர் இன்சர்ட், ஆஃப்டர் அப்டேட், ஆஃப்டர் டிலீட் மூன்றுக்கும் டிரிக்கர் வேண்டும். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்டேட்டில் வித்தியாசத்தை மட்டும் கூட்டினால் போதாது. உறுப்பினர் எண்ணையே தப்பாக அடித்துவிட்டுப் பிறகு திருத்துவார்கள். அப்போது பழைய உறுப்பினரிடம் பழைய தொகையைக் கழித்து, புதிய உறுப்பினரிடம் புதிய தொகையைக் கூட்ட வேண்டும். இருப்பை முதலில் படித்து ஒரு மாறியில் வைத்துக் கூட்டித் திரும்ப எழுதாதீர்கள். இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் பதிவு விழுந்தால் ஒன்றின் மேல் இன்னொன்று எழுதிவிடும். செட் இருப்பு = இருப்பு + தொகை என்று ஒரே அப்டேட்டில் முடித்துவிடுங்கள், டேட்டாபேஸே அந்தப் பதிவைப் பூட்டி வரிசையில் விடும்.

அந்தப் பூட்டுதான் அடுத்த விஷயம். "இன்றைய மொத்தப் பால்" என்று சொசைட்டிக்கு ஒரே ஒரு பதிவு வைத்து, ஒவ்வொரு வரவும் அதைக் கூட்டும்படி டிரிக்கர் எழுதினால், எத்தனை கவுண்டர் இருந்தாலும் எல்லாரும் அந்த ஒரு பதிவுக்காகக் காத்திருப்பார்கள். அதுவும் டிரான்சாக்‌ஷன் (ஒன்றாக முடியும் அல்லது ஒன்றாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) முடியும்வரை. காலை ஆறு மணிக்குக் கேனோடு நிற்பவர்களை நிறுத்தி வைக்கும் வேலை அது. இரண்டு டிரான்சாக்‌ஷன் வேறு வேறு வரிசையில் உறுப்பினர்களைத் தொட்டால் டெட்லாக்கும் (ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நிற்பது) வரும்.

இன்னொன்று, இருப்பைக் கூட்டுவதை பிஃபோர் இன்சர்ட்டில் வைக்கவே வைக்காதீர்கள். ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் என்று ஒரு கட்டளை கொடுத்தால், அந்தப் பதிவு ஏற்கெனவே இருந்தாலும் பிஃபோர் இன்சர்ட் முதலில் ஓடிவிடும், பிறகுதான் அப்டேட் டிரிக்கர்கள் ஓடும். இன்சர்ட் நடக்கவே இல்லை, தொகை மட்டும் ஏறியிருக்கும். ரீப்ளேஸ் கட்டளை பழைய பதிவை நீக்கிப் புதிதாகச் சேர்ப்பதால் டிலீட் டிரிக்கரும் இன்சர்ட் டிரிக்கரும் ஓடும், அப்டேட் டிரிக்கர் ஓடாது. எந்தக் கட்டளை எந்த டிரிக்கரைக் கிளப்பும் என்று தெரியாமல் தொகையை டிரிக்கரிடம் விடக் கூடாது. மைஎஸ்க்யூஎல் 8-இல் ஃபாரின் கீ (டேபிள்களை இணைக்கும் விதி) வழியாகத் தானாக நடக்கும் கேஸ்கேட் நீக்கமும் திருத்தமும் டிரிக்கரைக் கிளப்புவதே இல்லை. டேபிளை மொத்தமாகக் காலிசெய்யும் ட்ரங்கேட் கொடுத்தால் டிலீட் டிரிக்கர் ஓடாது.

பெயரை நகலெடுப்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உறுப்பினர் எண் பதிவில் இருக்கிறது, பெயர் வேண்டும்போது உறுப்பினர் டேபிளோடு ஜாயின் செய்து எடுங்கள். பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த நூற்றுக்கணக்கான பதிவுகளை அப்டேட் செய்வதும், அந்த ஒவ்வோர் அப்டேட்டும் மேலே எழுதிய டிரிக்கர்களை எல்லாம் கிளப்புவதும் வேண்டாத வேலை. அச்சடித்துக் கொடுத்த பில்லில் அன்று இருந்த பெயரே இருக்க வேண்டும் என்றால் அது வேறு. பில் டேபிளில் பெயரை எழுதி வையுங்கள். அது விலையைப் போலச் சாட்சி நகல், பிறகு மாறக் கூடாதது.

நீங்கள் கேட்காத ஒரு டிரிக்கரை நான் கட்டாயம் சிபாரிசு செய்வேன். பால்_வரவில் எந்தப் பதிவு திருத்தப்பட்டாலும் பழைய மதிப்புகள், புதிய மதிப்புகள், நேரம், திருத்தியவர் ஆகியவற்றை பால்_வரவு_வரலாறு என்ற தனி டேபிளுக்கு நகலெடுக்கும் ஆஃப்டர் அப்டேட் டிரிக்கர். கொழுப்பில் 0.4 கூடினால் ஒருவருக்குப் பணம் கூடுகிறது. யார் எப்போது மாற்றினார்கள் என்று சொல்ல முடியாத கணக்கு, நேர்மையாக வேலை செய்யும் கணக்கரையும் சந்தேகத்தில் நிறுத்திவிடும். இதை அப்ளிகேஷன் நிரலில் எழுதினால், நேரடியாக டேட்டாபேஸுக்குள் நுழைந்து செய்த திருத்தம் பதிவாகாது. டிரிக்கரில் எழுதினால் எந்த வழியில் வந்தாலும் பதிவாகும். டிரிக்கர் வேறெதையும்விடச் சிறப்பாகச் செய்யும் வேலை இதுதான் என்பது என் அனுபவம். ஆஃப்டரில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், பிஃபோர் டிரிக்கர்கள் எல்லாம் மாற்ற வேண்டியதை மாற்றி முடித்த பிறகு இறுதி மதிப்பு அங்கேதான் தெரியும்.

திருத்தியவர் பெயரை எடுப்பதில் ஒரு வழுக்கல் உண்டு. டிரிக்கருக்குள் கரண்ட்_யூசர் என்று கேட்டால், டிரிக்கரை உருவாக்கியவரின் கணக்கைத்தான் சொல்லும், ஏனென்றால் டிரிக்கர் அவருடைய உரிமையில்தான் ஓடுகிறது. இணைந்திருப்பவர் யார் என்பதற்கு யூசர் என்ற ஃபங்ஷன் வேண்டும். அதுவும் உங்கள் மென்பொருள் எல்லாருக்கும் ஒரே டேட்டாபேஸ் கணக்கைப் பயன்படுத்தினால் உதவாது. இணைப்பு எடுத்ததும் @பணியாளர்_எண் போன்ற ஒரு செஷன் மாறியில் உள்நுழைந்தவரின் எண்ணை வைத்து, டிரிக்கரில் அதைப் படியுங்கள். கனெக்‌ஷன் பூலிங் (ஒரே இணைப்பைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்துவது) இருந்தால் ஒவ்வொரு முறை இணைப்பை எடுக்கும்போதும் அதைப் புதிதாக வைக்க வேண்டும். இல்லையென்றால் முந்தையவர் பெயரிலேயே அடுத்தவர் செய்த திருத்தம் பதிவாகும்.

பால் ஊற்றியதும் உறுப்பினருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்ற எண்ணமும் உங்களுக்கு இருப்பதாகத் தெரிகிறது. டிரிக்கரிலிருந்து வெளியே எதையும் அனுப்ப முயலாதீர்கள். டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆனால், அதாவது ரத்தானால், பதிவு மறைந்துவிடும், போன செய்தியைத் திரும்பப் பெற முடியாது. செய்தி_வரிசை என்ற டேபிளில் டிரிக்கர் ஒரு பதிவை மட்டும் சேர்க்கட்டும். தனியாக ஓடும் சிறிய நிரல் ஒன்று அதைப் படித்து அனுப்பட்டும். ரோல்பேக் ஆனால் வரிசையில் இருந்தும் அது தானாகப் போய்விடும்.

வேறு டேட்டாபேஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால் அப்புறம் திண்டாடாமல் இருக்க இதையும் படித்துவிடுங்கள். டிரிக்கர் எஸ்க்யூஎல் தரநிலையில் சேர்ந்தது 1999-இல். அதற்குள் ஆரக்கிள் போன்றவை தங்கள் வழியில் செய்து முடித்துவிட்டன. மைஎஸ்க்யூஎல்-க்கு 2005-இல் வந்த 5.0 பதிப்பில்தான் கிடைத்தது. அதனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. போஸ்ட்கிரெஸில் முதலில் ஒரு ஃபங்ஷன் எழுதி, பிறகு அதை டேபிளோடு டிரிக்கராக இணைக்க வேண்டும். பிஃபோர் டிரிக்கரின் ஃபங்ஷன் கடைசியில் நியூவைத் திருப்பித் தர வேண்டும். நல் திருப்பினால் அந்தப் பதிவே பிழை எதுவும் இல்லாமல் காணாமல் போகும். ஒரே வகை டிரிக்கர்கள் பல இருந்தால் பெயரின் அகர வரிசையில் ஓடும். அங்கே நவ் என்பது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆரக்கிளில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓடும் டிரிக்கர் தன் டேபிளைப் படிக்கப் போனாலே பொதுவாக 4091 என்ற பிழை வரும். டேபிள் பாதி மாறிய நிலையில் இருக்கும்போது படித்தால் கிடைக்கும் விடை நம்பத்தக்கது அல்ல என்பது அதன் வாதம், நியாயமான வாதம்தான்.

எஸ்க்யூஎல் சர்வர் எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. பிஃபோர் டிரிக்கரே அங்கே கிடையாது. பதிவுக்கு ஒருமுறை ஓடாமல் கட்டளைக்கு ஒருமுறை ஓடும். இன்சர்ட்டட், டிலீட்டட் என்ற இரண்டு தற்காலிக டேபிள்களில் எல்லாப் பதிவுகளும் மொத்தமாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கின் மென்பொருளில் நான் எழுதிய டிரிக்கர் இன்சர்ட்டட் டேபிளிலிருந்து எண்ணையும் விலையையும் மாறிகளில் எடுத்து, அதை வைத்து இன்னொரு டேபிளை அப்டேட் செய்தது. திரையில் ஒவ்வொன்றாகப் பதிவு போட்ட வரை மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் புது விலைப்பட்டியலை எக்செல்லிலிருந்து ஒரே கட்டளையில் ஏற்றினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலை மாறியது. பிழைச் செய்தி எதுவும் வராததால் மாதக் கடைசிக் கணக்கில்தான் தெரிந்தது. அந்த மாதம் பழைய விலைக்கு விற்ற நஷ்டத்தை அந்தக் கடைக்காரர் தாங்கினார். அதை இன்றுவரை மறக்கவில்லை. அங்கே மாறியில் எடுக்காமல், இன்சர்ட்டட் டேபிளோடு ஜாயின் செய்து மொத்தமாக அப்டேட் செய்ய வேண்டும். நீங்கள் எந்த டேட்டாபேஸில் எழுதினாலும், டிரிக்கரைச் சோதிக்கும்போது ஒரே கட்டளையில் மூன்று பதிவுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு பதிவோடு சோதித்தால் இந்தத் தவறு பிடிபடவே படாது.

அப்புறம் பேக்கப். பேக்கப் எடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவி டிரிக்கர்களைத் தானாகவே சேர்த்து எடுக்கும். ஆனால் ஸ்டோர்ட் புரொசீஜர்களை (டேட்டாபேஸில் சேமித்த நிரல்களை) ரொட்டீன்ஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்தால்தான் எடுக்கும். உங்கள் டிரிக்கர் ஏதாவது புரொசீஜரைக் கூப்பிட்டால், மீட்டெடுத்த டேட்டாபேஸில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், முதல் பால் பதிவிலேயே நின்றுபோகும். சர்வரை மாற்றும்போது டிரிக்கரை உருவாக்கிய கணக்கு புதிய இடத்தில் இல்லாவிட்டால் 1449 என்ற பிழை வரும். அதனால் டிரிக்கர்களைச் சொந்தக் கணக்கில் உருவாக்காமல், அதற்கென்று ஒரு நிலையான கணக்கில் உருவாக்குங்கள். டிரிக்கர் உரையை மென்பொருளின் மற்ற நிரல்களோடு ஒரு கோப்பாகவும் வைத்திருங்கள். உங்களுக்குப் பின் வருபவருக்கு ஷோ டிரிக்கர்ஸ் என்று கேட்கத் தோன்றாமலே போகலாம்.

கடைசியாக, ஏற்கெனவே விழுந்துவிட்ட பதிவுகள். விலை காலியாக இருப்பவற்றை ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கும், நோட்டிலிருந்து பழைய ஆண்டுக் கணக்கையும் ஏற்றப் போவதாகச் சொன்னீர்கள். பழைய கணக்கில் அன்று கொடுத்த விலை ஏற்கெனவே இருக்கிறது. பிஃபோர் இன்சர்ட் டிரிக்கர் இருக்கும்போது அதை ஏற்றினால், டிரிக்கர் அந்த விலையைத் துடைத்துவிட்டுப் பட்டியலில் தேடும். போஸ்ட்கிரெஸில் டிரிக்கரைத் தற்காலிகமாக முடக்கக் கட்டளை உண்டு, மைஎஸ்க்யூஎல்-இல் இல்லை, நீக்கித் திரும்ப உருவாக்க வேண்டும். அதேபோல பிஃபோர் அப்டேட் டிரிக்கர், கொழுப்பு மாறாதபோது பழைய விலையையே திருப்பி வைக்கும் என்று மேலே எழுதினோம். அது வந்த பிறகு காலி விலைகளை நிரப்ப அப்டேட் கொடுத்தால், காலியே திரும்ப உட்காரும், பிழையும் வராது. ஆகவே கவுண்டர் மூடிய இரவில், பேக்கப் எடுத்துவிட்டு, பழைய ஆண்டுக் கணக்கை ஏற்றுங்கள், காலி விலைகளை அந்தந்தத் தேதிக்குரிய விலையால் நிரப்புங்கள், விலை நல் ஆக இருக்கும் பதிவு ஒன்றும் இல்லை என்று எண்ணிப் பாருங்கள், விலை நெடுவரிசையை நல் ஏற்காததாக மாற்றுங்கள். அதன் பிறகு மூன்று டிரிக்கர்களையும் (விலைக்கு இரண்டு, வரலாற்றுக்கு ஒன்று) உருவாக்கிவிட்டுக் காலைப் பாலுக்குத் திறக்கலாம்.